மயக்க மருந்தும் புற்றுநோயும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டுப் பல நூறு கல் தொலைவில் வந்து வாழும் நம்மவர்க்கு நோய் வந்தால் துன்பம் இருமடங்காகிறது. நோய் தரும் துன்பம் ஒன்று; அந்நோயைப் பற்றி மருத்துவர் கூறுவது விளங்காத துன்பம் மற்றொன்று. தலைநகரில் மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்து வரும் நாம், இந்த இரண்டாவது துன்பத்தை அடிக்கடி அருகிலிருந்து கண்டு வருகிறோம். அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பது நமது உத்தியோகம். மருத்துவச் சீட்டுகளை மொழிபெயர்ப்பதோ அண்டை அயலார் நமக்கு அன்புடன் இட்டுள்ள பணி.

சென்ற ஆண்டு நமது குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவருடைய தாயார் வந்திருந்தார். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மார்பில் ஒரு கட்டி தோன்றியிருப்பதைப் பல மாதங்களாக ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். இங்கு வந்த பின் மருமகள் கண்டுபிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். பரிசோதனைகள் நடந்தன, புற்றுநோய் என்று தெரிந்தது, அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்தார்கள். ஒப்புதல் படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதைத் தாயாருக்குத் தமிழில் படித்துச் சொல்லுமாறு நண்பர் நம்மை அழைத்தார். மாடிப்படியிலேயே நம்மை நிறுத்தி, "சார், புற்றுநோய் என்ற சொல் மட்டும் வாயில் வந்துவிட வேண்டாம், கட்டி என்றே சொல்லிவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

நாமும் கட்டி என்றே படித்தோம். அம்மையார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, மயக்கம் குடுத்து அறுத்தா உள்ள இருக்கற புற்று ஒடம்பெல்லாம் பரவிரும்னு ஊர்ல சொல்லுதாங்களே, நெசந்தானா?" என்று கேட்டார். மறைக்கச் சொன்ன சொல் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

நண்பருக்கும் அதே அச்சம் வேறு வடிவில் இருந்தது. சில மயக்க மருந்துகள் புற்றுநோய் மீண்டும் வரத் துணைசெய்கின்றன என்றும், வேறு சில அதைத் தடுக்கின்றன என்றும் அவர் தமது கைப்பேசியில் ஏதோ ஒரு செய்தியைப் படித்திருந்தார். ஆகவே, குறித்த நாளைத் தள்ளிப்போட்டு, 'சரியான' மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவமனையை வேறு நகரத்தில் தேடலாமா என்ற எண்ணத்தில் இருந்தார். அறுவைக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன.

நாம் கலைத்துறையில் பட்டம் பெற்றவரேயன்றி மருத்துவம் கற்றவரல்லர். "விசாரித்துச் சொல்கிறோம், அம்மா" என்று அன்று விடைபெற்றோம். அடுத்த சில இரவுகள் ஆராய்ச்சி அறிக்கைகளைத் தேடிப் படித்தோம். விளங்காதவற்றை மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தோம். அவ்வாறு அறிந்தவற்றையே இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இந்த அச்சத்தில் ஒரு பங்கு சொல்லிலேயே இருக்கிறது என்பது நமது எண்ணம். கிரேக்கர் இந்நோயை நண்டு என்று அழைத்தனர். ஆங்கிலச் சொல்லும் நண்டு என்னும் பொருளுடையதே. இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் 'கர்க்க ரோகம்' என்பதும் அதுவே. நண்டு பிடித்தால் விடாது. ஆனால் அது ஒரே நண்டு. தமிழர்களாகிய நாமோ கறையான் புற்றிலிருந்து இந்நோய்க்குப் பெயர் எடுத்தோம். புற்றை மண்வெட்டியால் உடைத்தால் கறையான் நான்கு பக்கமும் சிதறி ஓடுவதைக் கிராமத்தில் பார்க்காதவர் யார்? 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்ற நம்பிக்கைக்கு இந்தப் பெயரும் ஓரளவு துணைநின்றிருக்கலாம். மற்றொரு சொல் மயக்கம். இந்தியில் மருத்துவமனைப் பலகைகளில் 'நிச்சேதனா' என்று எழுதியிருப்பார்கள். உணர்வு இல்லாமை என்பது அதன் பொருள். தமிழில் மயக்கம் என்றாலோ தலைச்சுற்றலும் மயக்கம், அறியாமையும் மயக்கம், கள் தரும் வெறியும் மயக்கம். இத்தனை பொருளும் ஏறிய ஒரு சொல்லைக் கேட்டு ஒரு மூதாட்டி அஞ்சியதில் வியப்பில்லை.

மயக்க மருந்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1804-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டில் ஹனவோகா சேய்ஷூ என்னும் மருத்துவர், ஊமத்தையும் வேறு சில மூலிகைகளும் சேர்ந்த ஒரு பானத்தை அறுபது வயதுப் பெண் ஒருவருக்குக் கொடுத்து, அவர் உணர்விழந்திருக்கையில் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை அகற்றினார். முழு மயக்கத்தில் செய்யப்பட்டதாக எழுத்தில் பதிவான அறுவைகளுள் மிகப் பழையது இதுவே என்பர். அந்த அம்மையார் வலியறியாமல் எழுந்தார்; ஆனால் சில மாதங்களில் அந்நோயாலேயே காலமானார்.

மயக்க மருந்து இல்லாத காலத்தின் நிலையையும் நாம் மறக்கலாகாது. 1811-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், ஃபானி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியைக்கு முழு உணர்வு இருக்கும்போதே ஒரு மார்பகத்தை அகற்றினார்கள். அந்த வேதனையைத் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரித்திருக்கிறார். அதன்பின் அவர் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொண்டு நோயாளியை உறங்கவைக்க, அந்நிலையில் அறுவை நடத்திக் காட்டப்பட்டது. மறு ஆண்டில் எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் சிம்ஸன் குளோரோஃபாரத்தைப் புகுத்தினார். அதன் பிறகே மருத்துவர்கள் அவசரமின்றி, நோயை வேரோடு தேடி அகற்ற இயன்றது. ஆகவே மயக்க மருந்து புற்றுநோயாளருக்குச் செய்த பேருதவியை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகே அதன்மீதுள்ள ஐயத்தை ஆராய வேண்டும்.

அந்த ஐயந்தான் யாது? நெற்கதிர் அறுக்கும்போது எவ்வளவு கவனமாக அறுத்தாலும் சில மணிகள் வயலில் சிந்துகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பறவைகள் கொத்திவிடும். ஒன்றிரண்டு தப்பி முளைக்கக்கூடும். புற்றுக்கட்டியை அகற்றும்போதும் அவ்வாறே சில புற்றணுக்கள் இரத்தத்தில் கலக்கலாம். அறுவைக்கு முன்பே கலந்திருப்பதும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. அவற்றை அழிக்கும் பறவைகளைப்போல நம் இரத்தத்தில் சில காவல் அணுக்கள் உள்ளன. பகை அணுவைக் கண்டவுடனே கொல்லுவதால் அவற்றை 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' என்பார்கள்.

உடலில் பெருங்காயம் ஏற்படும்போது அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்கள் மிகுதியாகப் பெருகுகின்றன. அறுவையும் ஒரு காயமே அன்றோ? அச்சுரப்புகள் மிகும்போது காவல் அணுக்கள் சில நாட்கள் சோர்ந்துவிடுகின்றன. வலியைத் தணிக்கும் மார்ஃபின் போன்ற மருந்துகளும், முகர்ந்து உறங்கவைக்கும் ஆவி மருந்துகளும் அந்தச் சோர்வை மிகுதிப்படுத்தலாம் என்று ஆய்வுக்கூடங்களில் எலிகளை வைத்தும் அணுக்களை வளர்த்தும் செய்த சோதனைகள் காட்டின. அப்படியாயின், வயலில் மணி சிந்தும் அதே நேரத்தில் பறவைகளையும் நாமே விரட்டிவிடுகிறோமா என்பதே ஆராய்ச்சியாளர் உள்ளத்தில் எழுந்த வினா.

இன்று மருத்துவர் கையாளும் முறைகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் மேலே சொல்வது எளிதில் விளங்கும். செவோஃப்ளூரேன் போன்ற ஆவியை முகரச் செய்து உறங்கவைப்பது ஒரு முறை. புரோபோஃபால் என்னும், பால்போல் வெண்மையான மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றி உறங்கவைப்பது மற்றொரு முறை. முதுகெலும்பின் அருகே உள்ள நரம்புகளில் ஊசி போட்டு, அறுக்கும் பகுதியை மரத்துப்போகச் செய்வது மூன்றாவது முறை. இம்மூன்றாம் முறையை முதலிரண்டில் ஒன்றோடு சேர்த்துச் செய்வதும் உண்டு. நரம்பு மரத்துவிட்டால் காயத்தின் செய்தி மூளைக்கு எட்டுவதில்லை; சுரப்புநீர்கள் பெருகுவதும் குறைகிறது; மார்ஃபினும் குறைவாகவே தேவைப்படுகிறது. ஆகவே இந்த முறையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்புவது குறையலாம் என்று எதிர்பார்த்தார்கள்.

2006-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து மருத்துவர்கள், மார்பகப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 129 பெண்களின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முதுகு நரம்பில் மரப்பு ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர் மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தனர்; அது பெறாதவர்களிலோ நூற்றுக்கு எழுபத்தேழு பேரே அவ்வாறிருந்தனர். 2016-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையிலிருந்து வேறோர் அறிக்கை வந்தது. ஏழாயிரம் நோயாளரின் குறிப்புகளை ஆராய்ந்ததில், ஆவி மருந்தால் உறங்கியவர்களைக் காட்டிலும் இரத்தக்குழாய் மருந்தால் உறங்கியவர்கள் மிகுதியாக உயிர்பிழைத்திருந்தனர். நமது நண்பர் கைப்பேசியில் படித்த செய்தி இத்தகைய அறிக்கைகளிலிருந்து பிறந்ததேயாகும்.

நேயர்களே, இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்ப்பது பயனுள்ள வேலைதான். ஆயினும் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறோம். தில்லியிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் போகிறவர்களையும், இரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்களையும் கணக்கெடுத்து, இருபது ஆண்டுகள் கழித்து யார் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று பார்த்தால், விமானத்தில் போனவர்களே மிகுதியாக இருக்கக்கூடும். அதற்கு விமானம் காரணமாகுமா? ஆகாது. விமானத்தில் போகக்கூடியவர்களுக்கு நல்ல உணவும், வீடும், மருத்துவ வசதியும் முன்பே இருந்தன என்பதே காரணம். அதுபோலவே மயக்க மருத்துவர் ஒருவருக்கு ஒரு முறையையும் மற்றவருக்கு வேறு முறையையும் தேர்ந்தெடுக்கையில், அவரவர் வயது, இதயத்தின் வலிமை, நோயின் கடுமை ஆகியவற்றைக் கருதியே தேர்ந்தெடுக்கிறார். பிற்காலத்தில் காணும் வேற்றுமை மருந்தால் வந்ததா, தேர்வால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். அந்த அறிக்கைகளை எழுதியவர்களும் இதை அறிந்தே இருந்தனர். முறையான சோதனை நடத்திப் பார்க்கவேண்டும் என்பதே அவர்கள் விடுத்த வேண்டுகோள்.

முறையான சோதனை என்பது என்ன? அதன் உயிர்நிலை தமிழருக்குப் புதியதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கிறது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, சூதுவாது அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. மருத்துவச் சோதனையிலும் இவ்வாறே, இன்னாருக்கு இன்ன மருந்து என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். இரு பிரிவிலும் முதியவரும் இளையவரும், வலியவரும் மெலியவரும் ஏறத்தாழச் சமமாக அமைந்துவிடுகிறார்கள். அதன்பின் காணும் வேற்றுமை மருந்தினுடையது என்று துணிந்து கூறலாம்.

அத்தகைய பெருஞ்சோதனை ஒன்று 2007-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அமெரிக்கா, அயர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி, ஆர்ஜென்டீனா, சீனா, சிங்கப்பூர், நியூசிலாந்து ஆகிய எட்டு நாடுகளில் பதின்மூன்று மருத்துவமனைகளில், மார்பகப் புற்று அறுவைக்கு வந்த இரண்டாயிரத்து நூறுக்கு மேற்பட்ட பெண்கள் இதில் பங்குகொண்டனர். ஒரு பிரிவினருக்கு முதுகு நரம்பில் மரப்பு ஊசியும் புரோபோஃபாலும். மறு பிரிவினருக்கு செவோஃப்ளூரேன் ஆவியும் மார்ஃபின் இன மருந்தும். டேனியல் செஸ்லர் என்னும் மருத்துவர் முன்னின்று நடத்திய இச்சோதனையின் முடிவு 2019-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. இரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. வேற்றுமை இல்லை.

இது தனித்த முடிவுமன்று. பீகிங் நகரில் மார்பிலும் வயிற்றிலும் பெரிய அறுவை செய்துகொண்ட முதியவர்கள் ஏறத்தாழ 1,800 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து ஆராய்ந்தார்கள், பெரும்பாலோர் புற்றுநோயாளர்கள். முதுகில் மரப்பு மருந்து சேர்த்துக் கொடுத்தவர்க்கும் கொடாதவர்க்கும் நீண்டகால வாழ்வில் வேற்றுமை காணவில்லை என்று 2021-ஆம் ஆண்டில் அறிவித்தனர். சுவீடன் நாட்டு மருத்துவர்கள் முன்னின்று நடத்திய சோதனை ஒன்று 2023-ஆம் ஆண்டில் ஐந்தாண்டுக் கணக்கை வெளியிட்டது. புரோபோஃபாலால் உறங்கிய பெண்களிலும், செவோஃப்ளூரேனால் உறங்கிய பெண்களிலும் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றிரண்டு பேர் உயிரோடிருந்தனர்.

ஆகவே, நண்பரின் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆவியா, ஊசியா என்பதைக் கொண்டு புற்றுநோயின் போக்கு மாறுவதாக இதுவரை நடந்த பெரிய சோதனைகள் காட்டவில்லை. ஒரு குறிப்பிட்ட மயக்க மருந்தைத் தேடி அறுவையைத் தள்ளிப்போட வேண்டிய காரணம் சிறிதும் இல்லை. தள்ளிப்போடுவதில் தீங்கு உண்டு என்பதோ உறுதியாகத் தெரிந்த செய்தி. கட்டி வளர்வதற்கு நாம் நாள் குறித்துக் கொடுப்பதாகவே அது முடியும்.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை. இனி வருவது நம் நாட்டிலேயே நடந்தது. பம்பாயில் வாழும் நேயர்கள் பரேல் பகுதியிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையை நன்கு அறிவார்கள். 1941-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 1962-ஆம் ஆண்டு முதல் அணுசக்தித் துறையின் மேற்பார்வையில் இருந்துவரும் நிலையம் அது. அங்கே இயக்குநராக இருந்த ராஜேந்திர பட்வே என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும் 2011-ஆம் ஆண்டில் ஓர் எளிய சோதனையைத் தொடங்கினார்கள். உறங்கவைக்கும் மருந்தை அவர்கள் மாற்றவில்லை. எல்லாரும் வழக்கம்போலவே உறங்கவைக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மட்டும், கத்தியை எடுப்பதற்கு ஏழு முதல் பத்து நிமிடங்களுக்கு முன், கட்டியைச் சுற்றிலும் எல்லாப் பக்கங்களிலும் லிடோகெயின் என்னும் மரப்பு மருந்தை ஊசி வழியாகச் செலுத்தினார்கள்.

லிடோகெயின் புதுமையான மருந்தன்று. சுவீடன் நாட்டில் 1943-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. நம் ஊர்களில் லிக்னோகெயின் என்றும் சைலோகெயின் என்றும் சொல்வார்கள். பல் பிடுங்குவதற்கு முன் ஈறு மரத்துப்போக ஊசி போடுவார்களே, அதே மருந்துதான். விலையும் மிகக் குறைவு. இந்தச் சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆகும் செலவு நூறு ரூபாய்க்கும் குறைவு என்றார்கள்.

நாட்டின் பதினோரு மருத்துவமனைகளில், தொடக்க நிலையில் மார்பகப் புற்றுக்கண்ட ஏறத்தாழ 1,600 பெண்கள் இச்சோதனையில் சேர்ந்தனர். இங்கும் சீட்டுப் போட்டே பிரித்தார்கள். முடிவை 2022-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய புற்றுநோய் மருத்துவர் மாநாட்டில் அறிவித்து, 2023-ஆம் ஆண்டில் அச்சில் வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஊசி பெறாத பிரிவில் நூற்றுக்கு 86.4 பேர் உயிரோடிருந்தனர். ஊசி பெற்ற பிரிவில் 90.1 பேர். நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் முன்னதில் 82.6 பேர், பின்னதில் 86.6 பேர். மருந்தினால் தீங்கு எதுவும் நேரவில்லை. நூறு பெண்களில் ஏறத்தாழ நால்வர் மிகுதியாகப் பிழைக்கின்றனர் என்பது சிறிய கணக்கே. ஆனால் அந்த நால்வரின் வீடுகளுக்கு அது சிறிய கணக்கன்று.

இது எவ்வாறு நிகழ்கிறது? நம் உடலின் நரம்புகளில் சோடியம் என்னும் உப்புச்சத்து உட்புகும் நுண்ணிய வாயில்கள் உண்டு. வலியின் செய்தி அவ்வாயில்கள் திறப்பதாலேயே ஓடுகிறது. மரப்பு மருந்து அவற்றைத் தாழிட்டுவிடுகிறது, வலி நின்றுவிடுகிறது. அதே வகையான வாயில்கள் புற்றணுக்களின்மீதும் இருக்கின்றன. இடம் பெயர்ந்து செல்வதற்கு அவ்வணுக்கள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்கின்றன. கட்டியைத் தொடுமுன்பே அவற்றைத் தாழிட்டுவிட்டால், அணுக்கள் கிளம்புவது தடைப்படலாம் என்பது அந்த மருத்துவர்களின் கருத்து. புற்றை உடைக்குமுன் கறையானைக் கட்டிப்போடுவது போன்றது என்று கொள்ளலாம்.

இதிலும் மிகையாகப் பேசக்கூடாது. ஊசி பெறாத பிரிவினருக்கு வெறும் உப்புநீர் ஊசிகூடப் போடவில்லை. ஆகவே யார் எப்பிரிவு என்பது அறுவை செய்தவருக்குத் தெரிந்தே இருந்தது. ஊசி குத்துவதாலேயே ஏதேனும் நன்மை விளைந்ததா என்று சிலர் வினவினர். வேறு நாடுகளிலும் இதைச் செய்து பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்றனர். மேலும், இது தொடக்க நிலை மார்பகப் புற்றில், கட்டியைச் சுற்றிப் போட்ட ஊசியைப் பற்றிய முடிவு. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தும் என்று எண்ணலாகாது. கணையப் புற்றில் இதே மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றிச் சீனாவில் நடத்திய சோதனையில், நோயாளரின் ஆயுள் நீளவில்லை என்று 2022-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். எந்த மருந்து என்பதைப்போலவே, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதும் முக்கியம் போலும்.

இனி, நேயர்கள் தம் வீடுகளில் பயன்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுகிறோம்.

மார்பக அறுவைக்குச் செல்வோர், கட்டியைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தும் முறையைப் பற்றி அறுவை மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். தமக்கு அது பொருந்தாது என்று அவர் கூறினால், அதற்காக அறுவையை நிறுத்த வேண்டுவதில்லை. முழு மயக்கத்துக்கு எந்த மருந்து என்பதை மயக்க மருத்துவரின் பொறுப்பில் விட்டுவிடலாம். அவரிடம் மறைக்கக்கூடாதவை சில உண்டு. இதயநோய், ஆஸ்துமா, நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, நாள்தோறும் உண்ணும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள், புகையிலைப் பழக்கம், ஆடும் பல், முன்பு மயக்கம் கொடுத்தபோது நேர்ந்த தொல்லை ஆகியவற்றை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னால், ஒரு வாய் காப்பிதானே என்று கொடுத்துவிடக் கூடாது.

அறுவைக்குப் பின் வலி வந்தால் பல்லைக் கடித்துப் பொறுப்பது நம் தாய்மார்களின் வழக்கம். மார்ஃபின் புற்றை வளர்க்கும் என்று கேள்விப்பட்டவர்கள் வலி மருந்தையே மறுப்பதும் உண்டு. மனிதரில் அதற்குத் தக்க சான்று இல்லை. ஆனால் வலியோ மெய். அதைத் தாங்கிக்கொண்டு மூச்சை இழுத்து விடாமல், எழுந்து நடவாமல் படுத்திருப்பதால் நுரையீரலில் சளி கட்டுவதும், காலில் இரத்தம் உறைவதும் மெய். அறுவைக்குப் பின் தரப்படும் மருந்து, கதிர்ச்சிகிச்சை, மாத்திரை ஆகியவற்றை இடையில் நிறுத்தாமல் முடிப்பது எல்லாவற்றினும் முக்கியம். நோய் திரும்புவதைத் தடுப்பதில் இவற்றின் பங்கு ஐயமற நிலைபெற்றது.

மற்றுமொன்று, மொழி பெயர்ப்பவர் என்ற முறையில் சொல்ல விரும்புகிறோம். அயல் மாநிலத்து மருத்துவமனையில் நம்மவர் ஒருவர் மொழி தெரியாமல் நிற்கக் கண்டால், அருகில் சென்று நில்லுங்கள். மருத்துவர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். நோயாளி கேட்பதையும் அவ்வாறே மருத்துவரிடம் சொல்லுங்கள். அன்பின் காரணமாக ஒரு சொல்லை மறைத்தால், அந்தச் சொல்லைப் பற்றிய அச்சத்தை அவர் தனியாகச் சுமக்க நேரிடுகிறது.

நான்காம் நாள் மாலை நாம் மீண்டும் அந்த மூன்றாம் மாடிக்குச் சென்று, இவ்வளவையும் அம்மையாருக்கு எளிய தமிழில் எடுத்துச் சொன்னோம். புற்று என்ற சொல்லை வெளிப்படையாகவே சொன்னோம், நண்பரும் தடுக்கவில்லை. "அப்போ மயக்கத்தால பரவாது, அறுக்காம வெச்சிருந்தாத்தான் பரவும், அப்படித்தான தம்பி?" என்றார் அம்மையார். அவ்வளவு சுருக்கமாக நமக்குச் சொல்ல வந்திருக்காது. குறித்த நாளிலேயே அறுவை நடந்தது. மூன்றாம் நாள் பார்க்கச் சென்றபோது, "கண்ண மூடுனேன், தொறந்தேன், அவ்வளவுதான். இதுக்கா இத்தன நாளு பயந்தேன்?" என்று சொல்லி, மருமகளிடம் நமக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

இப்போது மாத்திரை உண்டு வருகிறார். குறித்த நாட்களில் பரிசோதனைக்குச் செல்கிறார். வருங்காலத்தை யாரும் அறிந்து சொல்ல இயலாது. ஆனால் அந்தக் கட்டி அவர் உடலில் இன்று இல்லை. தள்ளிப்போட்டிருந்தால் இருந்திருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.